நெருப்பென்று சொல்கிறவர்கள்

"நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. வேகாதுதான். ஆனால் அந்த வார்த்தையை எப்பொழுது சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கூரை பற்றி எரியும்போது "நெருப்பு! நெருப்பு!" என்று கூவுவதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். புல் பச்சையாக இருக்கும்போது, தொட்டியில் தண்ணீர் ததும்பும்போது, அண்டை வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டுச் சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் எதிரே போய் நின்று "ஐயா, நெருப்பு!" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் சிரிப்பார். சிரித்தாலும் பரவாயில்லை என்று அடுத்த வருஷமும் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாக ஒரு மனசு வேண்டும்.

இப்படிச் சொல்வதையே வேலையாக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். வேலை என்றால் சம்பளம் இருக்க வேண்டும். இவர்களுக்கு அது கிடையாது.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் விக்டோரியா என்ற மாகாணம் இருக்கிறது. தலைநகரம் மெல்போர்ன். பட்டணத்தைத் தாண்டி நாட்டுப்புறத்துக்குள் போனால் ஊருக்கு ஊர் ஒரு தகரக் கொட்டகை தென்படும். உள்ளே சிவப்பாக ஒரு தண்ணீர் லாரி. கூரைமேல் ஆலைச் சங்கு மாதிரி ஒரு சங்கு. அதுதான் அந்த ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படை. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 1,200 படைகள் இருக்கின்றன. ரொட்டிக் கடைக்காரர், பால் பண்ணைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, முடி திருத்துகிறவர், ஓய்வு பெற்ற குமாஸ்தா ஆகிய இவர்கள்தான் அதன் வீரர்கள். சங்கு ஊதியதும் கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் பாதித் தலையோடு காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காலத்தில் இடுப்பில் செருகிய ஒரு சிறு கருவி கிணுகிணுக்கிறது. இருந்தாலும் பல ஊர்களில் சங்கை விட்டுவிட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

படைத் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். மேலிடத்திலிருந்து யாரும் அவரை அனுப்பி வைப்பதில்லை. படையினரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். கேப்டனேயானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு இது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் படும். ஆனால் புகைக்கு நடுவே அவர் "திரும்பு" என்றால் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. மரியாதையை அவர்கள் அங்கே வைத்திருக்கிறார்கள்.

வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் நெருப்பு வருவதில்லை. அப்போது இவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய வெள்ளிக்கிழமையன்று தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு நாற்சந்தியில் நின்று மெல்போர்ன் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை திரட்டுகிறார்கள்; 1950-களிலிருந்து இது நடந்து வருகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் தண்ணீர் லாரியின்மேல் வெள்ளைத் தாடி வைத்த தாத்தாவை உட்கார வைத்துத் தெருத் தெருவாக மிட்டாய் கொடுத்துக்கொண்டு போகிறார்கள். வெள்ளம் வந்தால் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். சாலையில் கார்கள் மோதிக்கொண்டால் இடிபாட்டை அறுத்து ஆளை வெளியே எடுக்கிறார்கள். இதெல்லாம் பரோபகாரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு என்னவோ இதில் ஒரு யுக்தி இருப்பதாகவும் தோன்றுகிறது. மிட்டாய் கொடுக்கப் போனவனுக்கு எந்த வீட்டில் ஒரு கிழவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்தப் பண்ணைக்குப் பின்பக்கமாக ஒரு வழி உண்டு, எந்தக் குட்டையில் சித்திரைக் கடைசி வரை தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தெரிந்துபோகிறது. சித்திரை என்று நம் கணக்கில் சொன்னேன். அவர்களுக்குக் கோடை நம்முடைய மார்கழியிலும் தையிலும் மாசியிலும் வருகிறது.

இந்தப் படைகளின் வரலாற்றைத் தண்ணீர் லாரிகளின் வரலாறாக எழுதினால் சுவைப்படாது. அது ஒரு புத்திமதியின் வரலாறு. "நெருப்பு வருகிறது, வீட்டில் இருப்பதா, விட்டுப் போவதா?" என்று ஒரு குடித்தனக்காரர் கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது? நூறு வருஷமாக அந்தப் பதிலைத்தான் இவர்கள் எழுதி எழுதித் திருத்தி வருகிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சவக்குழி வரிசை விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உதகமண்டலம் போயிருப்பவர்களுக்கு அந்த மரத்தைத் தெரியும். வழவழவென்று வெளுத்த அடிமரம், பட்டை நாடா நாடாகத் தொங்கும், கிட்டப் போனாலே ஜலதோஷ மருந்து வாசனை வரும். நீலகிரித் தைலம் என்று சீசாவில் வாங்குகிறோமே, அதன் பூர்விகம் நீலகிரியல்ல. விக்டோரியாவிலும் அதற்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாவிலும் வளரும் யூகலிப்டஸ் மரத்தை 1840-களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நம் மலையில் நட்டார்கள். மூக்கடைப்பைத் திறக்கிற அந்தத் தைலம் நல்ல எரிபொருளும்கூட. 45 டிகிரி வெயிலில், இலையெல்லாம் எண்ணெயாக நிற்கும் காட்டில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை. தொங்கும் பட்டை நாடாக்கள் பற்றிக்கொண்டு, காற்றில் பிய்ந்து, பறக்கும் பந்தங்களாகப் பல கிலோமீட்டர் முன்னால் போய் விழுந்து புது நெருப்பை உண்டாக்கும்.

காற்றும் ஒரு துரோகம் செய்கிறது. காலையிலிருந்து கண்டத்தின் நடுவிலுள்ள பாலைவனத்திலிருந்து வடகாற்று அனலாக வீசும். நெருப்பு நீண்ட ஈட்டியைப்போலத் தெற்கு நோக்கி ஓடும். பிற்பகலிலோ சாயங்காலத்திலோ தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று புரண்டு வரும். ஜனங்கள் "அப்பாடா!" என்பார்கள். அந்த நிமிஷத்தில்தான் ஈட்டியின் நீண்ட விலாப்புறம் முழுவதும் நெருப்பின் முகமாக மாறி, அதுவரை பக்கத்தில் பத்திரமாக நின்றவர்கள்மேல் பாயும். விக்டோரியாவின் பெரிய சாவுகளில் அநேகம் இந்தக் குளிர்ந்த காற்று வந்த பிறகு நேர்ந்தவை.

ஐரோப்பியர் வருவதற்கு முன் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் தக்க பருவத்தில் சிறு சிறு நெருப்பாக வைத்துக் காட்டைத் தணித்துவந்தார்கள். அவர்களைத் துரத்தியாயிற்று, கூடவே அந்த வித்தையும் போயிற்று. மெல்போர்னில் குடியேற்றம் தொடங்கியது 1835-ல். பதினாறே வருஷத்தில், 1851 பிப்ரவரி 6-ந் தேதி வியாழக்கிழமை, மாகாணத்தின் நிலப்பரப்பில் கால் பங்கு வெந்தது. அதற்குக் கறுப்பு வியாழன் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து அந்தப் பக்கத்தில் கிழமைகளுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. 1926-ல் கறுப்பு ஞாயிறு. 1939-ல் கறுப்பு வெள்ளி. 1967-ல் டாஸ்மேனியாவில் கறுப்புச் செவ்வாய். 1983-ல் சாம்பல் புதன். 2009-ல் கறுப்புச் சனி. வாரத்தில் பாக்கி நாட்கள் அதிகமில்லை.

ஊர்ப் படைகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. ஈரச் சாக்கும், மரக்கிளையும், முதுகில் கட்டிய தண்ணீர்த் தகரமுமாக அவர்கள் போனார்கள். ஆனால் ஊருக்கு ஒரு சட்டம்; அடுத்த ஊர்ப் படையின் குழாய் இந்த ஊர்க் குழாயோடு பொருந்தாது என்கிற நிலைமை. காட்டுக்குள் வன இலாகா. வேலிக்கு வெளியே ஊரார். ஒருவரை ஒருவர் நம்பியதில்லை.

1939 ஜனவரி 13 வெள்ளிக்கிழமை மெல்போர்னில் வெப்பம் 45.6 டிகிரி. நடுக்காட்டில் மரம் அறுக்கும் ஆலைகள் இருந்தன. தொழிலாளிகள் பெண்டு பிள்ளைகளோடு அங்கேயே குடியிருந்தார்கள். அன்று 69 ஆலைகள் எரிந்தன. அந்தக் கோடை நெருப்பில் 71 பேர் இறந்தார்கள். சாம்பல் கடல் தாண்டி நியூஸிலாந்தில் போய் விழுந்தது. ஆலைகளுக்குப் பக்கத்தில் மண்மூடிய பதுங்கு குழி வெட்டி வைக்க வேண்டுமென்று ஒரு புத்திமதி அப்போதே இருந்தது. குழி வெட்டின சில இடங்களில் ஜனங்கள் பிழைத்தார்கள். சில இடங்களில் அந்தக் குழியே சமாதியாயிற்று. மாட்லக் என்ற மலையூருக்குப் பக்கத்தில் ஓர் ஆலையில் 16 பேரில் 15 பேர் மடிந்தார்கள். மிஞ்சிய ஒருவர் கம்பளியைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தவர். இன்றைக்கும் விக்டோரியாவில் தீத் தொண்டர்கள் கொடுக்கும் பட்டியலில் ஆட்டுரோமக் கம்பளி ஒன்று கட்டாயம் இருக்கிறது.

விசாரணைக்கு லெனார்டு ஸ்டிரெட்டன் என்ற நீதிபதி வந்தார். அவருடைய அறிக்கையைச் சட்டப் புத்தகமென்று எண்ணிப் படிக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள், அது இலக்கியம். அந்த நெருப்பை மூட்டியது மனிதனின் கை என்று தயங்காமல் எழுதினார். காட்டுவாசிகளைப் பற்றி அவர் சொன்ன ஒன்று என் மனசில் தைத்துவிட்டது. அவர்களுக்கு அனுபவம் இல்லாமலில்லை. ஆனால் இப்படிப்பட்ட நெருப்பைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்கள் நெடுநாள் வாழ்ந்ததில்லை என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். வயது முதிர்ந்த மனிதர்களைப் பற்றித்தான் சொன்னார். ஒரு மனிதனின் ஆயுளைவிட நெருப்பின் தவணை நீளமாக இருந்துவிட்டால், தாத்தா சொல்லிக் கொடுத்ததுகூடப் பற்றாமற் போகிறது.

நாட்டுப்புறம் முழுவதுக்கும் ஒரே நிர்வாகம் வேண்டுமென்று அவர் சொன்னார். சர்க்கார் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. யுத்தம் வந்துவிட்டது, வாலிபர்களெல்லாம் படைக்குப் போய்விட்டார்கள். 1943 டிசம்பரிலிருந்து 1944 பிப்ரவரிக்குள் மறுபடியும் ஏறத்தாழ 50 பேர் பலியானார்கள். அதோடு யல்லூர்ன் என்ற இடத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமும் பற்றிக்கொண்டது. மெல்போர்னுக்கு மின்சாரம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தலைநகரத்து விளக்குக்கே ஆபத்து என்றதும் காரியம் மளமளவென்று நடந்தது என்று சொல்வது பொல்லாத்தனமாகத் தோன்றலாம். தேதிகள் அப்படித்தான் இருக்கின்றன. ஸ்டிரெட்டனையே மறுபடி கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார்கள். அந்த வருஷக் கடைசியில் சட்டம் நிறைவேறியது. 1945 ஏப்ரல் 2-ந் தேதி நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் பிறந்தது. நான் மேலே சொன்ன தகரக் கொட்டகைகளெல்லாம் அதன் குடைக்குக் கீழே வந்தன.

பிறகு பல வருஷம் லாரி, குழாய், சங்கு, பயிற்சி என்று போயிற்று. பெண்களைத் தேநீரும் ரொட்டியும் கொண்டுவருவதற்கென்று தனிச் சங்கமாக வைத்திருந்தார்கள். பசியோடு திரும்புகிறவனுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் ஆண்களெல்லாம் வயலிலும் பட்டணத்திலும் இருக்கிற பகல் வேளையில் ஊரில் இருப்பவர்கள் பெண்கள்தான் என்பதை உணர்ந்து அவர்கள் கையில் குழாயைக் கொடுப்பதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று. நெருப்பு பெரும்பாலும் பகலில்தான் வருகிறது.

புத்திமதிக் கதைக்கு வருவோம். 1969 ஜனவரி 8-ந் தேதி மெல்போர்னிலிருந்து ஜீலாங் போகும் பெரிய சாலையில், லாரா என்ற ஊருக்குப் பக்கத்தில், புல்வெளி நெருப்பு சாலையைக் கடந்தது. கார்கள் புகைக்குள் மாட்டிக்கொண்டன. பயந்து கதவைத் திறந்துகொண்டு ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். காருக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். கேட்பதற்கு விபரீதமாக இருக்கிறது. பெட்ரோல் தொட்டியின்மேல் உட்கார்ந்திருப்பது எப்படிப் பத்திரமாகும்? சங்கதி என்னவென்றால், நெருப்பு ஆளைத் தொட்டுக் கொல்வதற்கு முன்னால் தூரத்திலிருந்தே அதன் வெப்பம் கொன்றுவிடுகிறது. வெயிலுக்கு நிழல்போல அந்த வெப்பத்துக்கும் ஒரு மறைப்பு வேண்டும். நெருப்பின் முகம் கடந்து போகும் சில நிமிஷங்களுக்குத் தகரமோ சுவரோ இடையில் இருந்தால் போதும்.

1983 பிப்ரவரி 16 சாம்பல் புதனன்று விக்டோரியாவில் 47 பேரும் பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவில் 28 பேருமாக 75 பேர் இறந்தார்கள். மேல் பீக்கன்ஸ்பீல்டில் இரண்டு லாரிகளில் இருந்த 12 தொண்டர்களை, நான் சொன்ன அந்தத் தென்மேற்குக் காற்று, திரும்பின கணத்தில் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் எரிந்த வீடுகளையும் எரியாத வீடுகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். வீடுகள் பெரும்பாலும் நெருப்பு அலை வந்து விழுங்கியதால் எரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் பறந்து வந்த பொறிகளால் எரிந்தன. கூரைத் தாழ்வாரத் தகரக்குழியில் கிடந்த சருகில் ஒரு பொறி. வாசல் மிதியடியில் ஒரு பொறி. ஒரு ஆள் ஒரு வாளியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அணைத்திருக்கலாம். அப்படி ஆள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. கடைசி நேரத்தில் காரில் ஏறி ஓடியவர்களோ சாலையில் மாண்டார்கள்.

ஆக, பதில் ஒன்று உருவாயிற்று: ஆயத்தம் செய்துகொள்; இருந்து வீட்டைக் காப்பாற்று; முடியாதென்றால் முன்னாலேயே போய்விடு. வீடு மனிதனைக் காக்கும், மனிதன் வீட்டைக் காப்பான் என்று சுருக்கமாகவும் சொன்னார்கள். இதை ஜனங்களிடம் கொண்டுபோக 1993-ல் தெருவாரியாக அண்டை வீட்டார் கூடிப் பேசும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். மெல்போர்னுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் என் சித்தி மகள் குடியிருக்கிறாள். நான் போய்த் தங்கியிருந்தபோது அவள் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம் நடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். வந்து பேசியது ஒரு தொண்டர் அம்மாள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. தெருப் படம் ஒன்றை மேஜைமேல் விரித்துவிட்டுக் கேள்வி கேட்டாள்.

"மத்தியானம் 2 மணி. மின்சாரம் போய்விட்டது. ஆகவே மோட்டார் ஓடாது. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. உன் கணவன் பட்டணத்தில் ஆபீஸில் இருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளை அனுப்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கார் கிடையாது. இப்போது சொல்லு, என்ன செய்வாய்?"

கூடம் நிசப்தமாகிவிட்டது. அதற்கப்புறம் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் டென்னிஸ் பந்தையோ கந்தையையோ அடைத்துத் தகரக்குழியைத் தண்ணீரால் நிரப்பி வைப்பது, விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காமல் தள்ளி வைப்பது, எரிவாயு உருளையின் வாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பது, மோட்டாருக்குப் பதில் பெட்ரோலில் ஓடும் பம்பு, கதவிடுக்கில் ஈரத் துண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நைலான் துணி உடம்போடு உருகி ஒட்டிக்கொள்ளும். ஆட்டுரோமம் அல்லது கனத்த பருத்திதான் உடுத்த வேண்டும் என்றாள். உடனே என் தங்கை, "புடவை கட்டிக்கொண்டு நெருப்பணைக்கலாமா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முன்றானையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கூடாது, ஒரு கால்சட்டை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டி வை" என்றாள். "அண்ணா, இந்த வயசில் கால்சட்டையா!" என்று தங்கை என்னிடம் தமிழில் அங்கலாய்த்தாள். மறுநாள் போய் வாங்கிவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் டெலிபோன் சங்கிலி ஒன்று எழுதினார்கள். முதல் வீட்டார் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டார் மூன்றாம் வீட்டுக்கு என்று. யாரும் எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டு, எடுக்காத வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டியது யார் என்பதையும் பெயர் போட்டு எழுதினார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது.

தொண்டர்களுக்கும் தங்களுக்கென்று ஒரு பாடம் காத்திருந்தது. 1998 டிசம்பர் 2-ந் தேதி லிண்டன் என்ற ஊர்க் காட்டில், காற்று மாறிய சமயத்தில், ஜீலாங் மேற்குப் படையின் லாரி ஒன்று நெருப்பில் அகப்பட்டு ஐந்து பேரும் இறந்தார்கள். இப்போது எந்த லாரியும் தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை நெருப்பின்மேல் விடுவதில்லை. தங்கள் உயிருக்கென்று ஒரு பங்கு நிறுத்தி வைக்க வேண்டும். பயிற்சி தேறாதவர் லாரியில் ஏறவும் கூடாது. நெடுநாள் தொண்டர் சிலருக்கு இதில் மனத்தாங்கல். முப்பது வருஷம் நெருப்பணைத்தவனுக்குப் பரீட்சையா என்று. பரீட்சை எழுதினார்கள்.

2009 பிப்ரவரி 7 சனிக்கிழமை மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி. அப்படி ஒரு நாள் வரப்போகிறதென்று முந்தின நாளே மாகாணத்தின் முதல் மந்திரி எச்சரித்தார். கில்மோர் கிழக்கில் ஒரு மின்சாரக் கம்பி அறுந்தது. வடகாற்று அந்த நெருப்பைக் காட்டுக்குள் தள்ளிற்று. பொறிகள் 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து விழுந்தன. சாயங்காலம் காற்று திரும்பியது. கிங்லேக், ஸ்ட்ராத்யூவன் என்ற ஊர்கள் அழிந்தன. மற்றொரு நெருப்பில் மேரிஸ்வில் அழிந்தது. மொத்தம் 173 பேர். கிங்லேக் படையின் லாரிகள் அப்போது மலைக்குக் கீழே வேறு நெருப்புக்குப் போயிருந்தன. ஊர் தன் லாரி இல்லாமலே எரிந்தது. எந்த ஊருக்கு எப்போது எச்சரிக்கை போயிற்று என்பது பின்னால் பெரிய விவகாரமாயிற்று. சில ஊர்களுக்கு நெருப்பே முந்திக்கொண்டது.

அந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்திருந்தார்கள். வீடு மனிதனைக் காக்கும் என்று சொல்லிக் கொடுத்த ஜனங்களுக்கு இதைவிட நெஞ்சை அடைக்கிற கணக்கு வேறு இருக்க முடியாது. விசாரணைக் கமிஷன் முன்னால் அந்தப் புத்திமதியே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

அது பொய்யான புத்திமதியா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆயத்தம் செய்த வீடுகளில் நின்று பிழைத்தவர்கள் அன்றும் நிறைய இருந்தார்கள். ஆனால் மூன்று கூறாகச் சொன்ன பதில், வாய்க்கு வாய் போகும்போது ஒரு கூறாகச் சுருங்கிவிட்டது. "ஆயத்தம்" என்பது உழைப்பும் பணமும் கேட்கும் வார்த்தை. "முன்னாலேயே போய்விடு" என்பது சாமான்களைக் கட்டச் சொல்லும் வார்த்தை. "இரு" என்பது சுலபம். இருக்கிற இடத்திலேயே இருந்தால் போதும். அதுதான் ஞாபகத்தில் நின்றது. செங்குத்தான மேட்டில் காட்டுக்கு நடுவே உள்ள வீட்டை இப்படிப்பட்ட நாளில் எவ்வளவு சூரனாலும் காக்க முடியாது என்பதை அச்சடித்த காகிதங்கள் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை. கமிஷனும் ஏறக்குறைய அதையே சொல்லிற்று: அடிப்படை சரி, ஆனால் மிக மூர்க்கமான நெருப்புக்கு அது போதாது என்று. இறந்தவர்களில் 100-க்கு 44 பேர் 12 வயதுக்கு உட்பட்டவர்கள், 70 வயதைத் தாண்டியவர்கள், அல்லது நோயாளிகளும் அங்கவீனர்களும். துடைப்பமும் வாளியுமாக நிற்கச் சொன்ன பாடம் யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்கள் அல்ல இவர்கள்.

இன்னொன்றையும் ஆராய்ச்சியாளர்கள் குறித்திருக்கிறார்கள். பல வீடுகளில் கணவன் "இருப்போம்" என்றிருக்கிறான். மனைவி "போவோம்" என்றிருக்கிறாள். பேசி முடிக்கவில்லை. "பார்க்கலாம்" என்று விட்டிருக்கிறார்கள். எந்தக் குடும்பத்தில்தான் "பார்க்கலாம்" என்ற வார்த்தை இல்லை? என் கதைகளில் பாதி அந்த வார்த்தையால்தான் நகர்கின்றன. காட்டு நெருப்பு மட்டும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆசிரியை அம்மாள் கூட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னவள், கணவன் மனைவி இரண்டு பேரும் வந்திருந்த வீட்டார்களை மட்டும் வேறு வேறு அறைகளில் உட்கார வைத்து, என்ன செய்வீர்கள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னாள். நான்கு ஜோடியில் மூன்று ஜோடியின் காகிதங்கள் ஒத்துப்போகவில்லை.

கமிஷன் 2010 ஜூலையில் 67 பரிந்துரைகள் கொடுத்தது. பழைய மின்கம்பிகளை மாற்றுவது முதல் ஊர்களில் கடைசிப் புகலிடம் குறிப்பது வரை அவற்றில் இருந்தன. பாடமும் மாறியது. உயிர்தான் முதல், வீடு அப்புறம். மிக மோசமான நாளென்று அறிவித்துவிட்டால், நெருப்பு எங்கேயும் மூளாமலிருந்தாலும், காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். சாலையோரங்களில் வண்ணம் தீட்டிய அரைவட்டப் பலகை இருக்கும். அபாயத்தின் அளவைக் காட்ட அதில் ஒரு முள். 1939-ன் கறுப்பு வெள்ளியை 100 என்று வைத்துத்தான் பழைய அளவுகோல் செய்திருந்தார்கள். கறுப்புச் சனி அந்த 100-ஐத் தாண்டிவிட்டதால், பலகையில் புதிதாக ஒரு நிறம் சேர்க்க வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பரில் தேசம் முழுவதற்கும் பொதுவாக நான்கே படிகளாகக் குறைத்துவிட்டார்கள்.

புதுப் பாடம் எழுதுவது சுலபம். 2010 ஜனவரியில் முதன்முதலாக அந்த மிக மோசமான நாள் அறிவிக்கப்பட்டபோது, காலையில் கிளம்பிப் போனவர்கள் வெகு சிலரே என்று பின்னால் விசாரித்தவர்கள் கண்டார்கள். கறுப்புச் சனி முடிந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வானம் நீலமாக இருக்கிறது; புகையில்லை; மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும்; கடையைத் திறக்க வேண்டும். எப்படிப் போவது?

என் தங்கை வீட்டுக் கூட்டத்தில் எண்பது வயசைத் தாண்டிய ஒரு விதவைக் கிழவி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடியும் வரை அவள் வாயைத் திறக்கவேயில்லை. தேநீர் குடிக்கும்போது நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பலகையில் முள் கடைசி இரண்டு படிகளில் எதற்குப் போனாலும், அன்று காலை 8 மணிக்குப் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு, பின்னல் வேலையையும் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பட்டணத்து நூல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாளாம். தெருக்காரர்கள் கேலி செய்கிறார்களாம். சென்ற கோடையில் எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்டேன். ஆறு தடவை என்றாள். எத்தனை தடவை நெருப்பு வந்தது என்று கேட்டேன். ஒரு தடவையும் வரவில்லையாம். ஒரு கம்பளிச் சட்டை பின்னி முடிந்ததாம். அது அவள் பேரனுக்கு. கூடையைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதாகவும், பூனை அதிலேயே தூங்கப் பழகிவிட்டதாகவும் சொன்னாள்.